'ஒரு' இல்லாத இடத்தில் 'எ' எங்கிருந்து வருகிறது?

கேள்வி: ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வருகிற சின்னச் சின்னச் சொற்களில்தான் நான் எப்போதும் தவறுகிறேன். எ, ஆன், தி, சம், எனி, ஃபியூ, லிட்டில் ஆகியவற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட விதிகளைக் குறிப்பேட்டில் எழுதி மனப்பாடம் செய்திருக்கிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் ஓரளவு நிரப்பிவிடுவேன்; நானாக எழுதத் தொடங்கினால் கை தடுமாறுகிறது. எனக்குப் பாடம் சொன்னவரைக் கேட்டால், காதுக்கு எது நன்றாக ஒலிக்கிறதோ அதைப் போடு என்கிறார். நான் எழுதிய சில வரிகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். இன்னொன்று: அண்மையில் என் மேலாளர் ஒரு புதிய பொறுப்பில் எனக்கு விருப்பம் உண்டா என்று கேட்டபோது, 'ஐ ஹாவ் லிட்டில் இன்டரஸ்ட் இன் தி போஸ்ட்' என்று பதில் எழுதினேன். அதன்பின் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இதில் பிழை ஏதும் உண்டா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

காதை நம்பச் சொன்ன அறிவுரை தவறன்று. ஆனால் அது பிறந்தது முதல் ஆங்கிலத்தைக் கேட்டு வளர்ந்தவருக்குப் பொருந்துவது. உங்கள் காதும் என் காதும் தமிழில் பழகியவை. 'புத்தகம் வாங்கினேன்' என்பது நமக்கு நிறைவான வாக்கியமாக ஒலிப்பதால், 'ஐ பாட் புக்' என்பதிலும் நம் காதுக்கு ஒரு குறையும் தட்டுவதில்லை. பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்துவதையே பல ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டிருக்கும் நான் கண்டவரை, தமிழ் பேசுவோர் இந்தச் சொற்களில் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை அறியாமையால் வருபவை அல்ல. தமிழில் மிகச் சரியாக இருக்கும் ஒன்றை அப்படியே அந்தப் பக்கம் தூக்கி வைப்பதால் வருபவை. உங்கள் நாற்பது விதிகளும் பெயர்ச்சொல்லைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்கின்றன. முடிவு பெரும்பாலும் பெயர்ச்சொல்லில் இல்லை. படிப்பவருக்கு அந்தப் பொருளைப் பற்றி அதுவரை என்ன தெரியும் என்பதில் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய வரிகளையே எடுத்துக்கொள்வோம். 'ஐ பாட் புக் லாஸ்ட் வீக். கவர் ஆஃப் தட் புக் வாஸ் டோர்ன். பட் எனி அதர் காப்பி வாஸ் நாட் அவெய்லபிள். மை ஒன் ஃபிரெண்ட் இஸ் லாயர். ஹீ கேவ் மீ ஃபியூ அட்வைசஸ்.' ஐந்து வாக்கியங்கள். ஐந்திலும் தமிழ் அடியில் தெரிகிறது. சொல்லப்போனால், இதைவிட நல்ல பாடத்தை நானே அமைத்திருக்க முடியாது.

முதல் வாக்கியத்திலிருந்து ஒரே ஒரு விதியை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் உள்ள மற்றவற்றைச் சில வாரங்களுக்கு மூடி வைத்தாலும் பாதகமில்லை. எண்ணத்தக்க பொருளைக் குறிக்கும் பெயர் ஒருமையில் வந்தால், ஆங்கிலத்தில் அது தனியாக நிற்காது. அதற்கு முன் எ, தி, மை, திஸ், எவ்ரி, எனி என்று ஏதேனும் ஒன்று நின்றே ஆக வேண்டும். எது என்பது பிறகு வரும் கேள்வி. வெற்றிடமாக விடக்கூடாது என்பதே முதல் கட்டளை. 'பை பஸ்', 'அட் ஹோம்', 'இன் பெட்' போன்ற தொடர்கள் விலக்கு என்று உங்கள் குறிப்பேடு சொல்லும். அங்கே பஸ் என்பது ஒரு குறிப்பிட்ட வண்டியைச் சுட்டாமல் பயண முறையைச் சுட்டுகிறது, எனவே அது எண்ணப்படும் பொருளாகவே நடத்தப்படவில்லை. 'பை மை பிரதர்ஸ் கார்' என்று குறிப்பான வண்டி வந்துவிட்டால் 'பை' போய், 'இன் மை பிரதர்ஸ் கார்' ஆகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள்.

ஆங்கிலத்தில் 'எ' வரும் இடங்களிலெல்லாம் தமிழில் 'ஒரு' வராது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். 'அவர் மருத்துவர்' என்கிறோம். அவர் இரண்டாக இருக்க முடியாது என்பதால் 'ஒரு' நமக்குத் தேவைப்படுவதில்லை. ஆங்கிலத்திலோ தொழிலைச் சொல்லும்போது 'ஷீ இஸ் எ டாக்டர்' என்றுதான் வரும். உங்கள் நான்காம் வாக்கியத்தில் 'லாயர்' தனித்து நிற்பது இதனால்தான். தமிழின் 'ஒரு' இன்னும் எண்ணுப்பெயராகவே பெரும்பாலும் வாழ்கிறது. ஆங்கிலத்தின் 'எ'யும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது: பழைய ஆங்கிலத்தில் ஒன்று என்னும் எண்ணைக் குறித்த சொல்லே தேய்ந்து 'ஆன்' ஆகி, மெய்யொலிக்கு முன் கடைசி எழுத்தையும் இழந்து 'எ' ஆனது. நாம் 'எ'யை நீட்டி 'ஆன்' ஆக்குவதாகப் பள்ளியில் படித்தோம். வரலாற்றில் நடந்தது நேர் எதிர். அந்த மாற்றத்தின் குழப்பத்தில் சில சொற்கள் எழுத்தையே பறிகொடுத்தன. இன்று 'ஆன் ஏப்ரன்' எனப்படுவது முன்பு 'எ நேப்ரன்'. 'ஆன் ஆடர்' என்னும் பாம்பு முன்பு 'எ நாடர்'. எங்கே வெட்டுவது என்று அவர்களுடைய காதே ஏமாந்திருக்கிறது.

எ, ஆன் இரண்டில் எது என்பதற்கு நான் அதிகம் எழுதப்போவதில்லை. நாம் 'ஒரு வீடு', 'ஓர் ஊர்' என்று எழுதுவதைப் போன்றதே அது. எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேளுங்கள். மணிநேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்னும் ஆங்கிலச் சொல்லில் முதலெழுத்து ஒலிக்காததால் 'ஆன் அவர்', 'யுனிவர்சிட்டி' யகர ஒலியில் தொடங்குவதால் 'எ யுனிவர்சிட்டி', 'எம்.பி.' என்னும் சுருக்கம் எகர ஒலியில் தொடங்குவதால் 'ஆன் எம்.பி.' அவ்வளவுதான்.

இரண்டாம் வாக்கியத்துக்கு வருவோம். இங்கேதான் சரக்கு இருக்கிறது. 'அந்தப் புத்தகத்தின் அட்டை கிழிந்திருந்தது' என்று மனத்தில் ஓடியதை 'கவர் ஆஃப் தட் புக்' என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் ஒன்றை முதலில் சொல்லிவிட்டு மறுபடி அதைக் குறிப்பிடும்போது 'அந்த' போடுவது இயல்பு. நேற்று ஒரு கதை படித்தேன், அந்தக் கதையில் ஒரு கிழவர் வருகிறார் என்போம். நம் 'அந்த' இரண்டு வேலை பார்க்கிறது: தொலைவில் உள்ளதைச் சுட்டுவது ஒன்று, முன்பே பேசியதை நினைவூட்டுவது மற்றொன்று. ஆங்கிலத்தில் இரண்டாவது வேலையைப் பெரும்பாலும் 'தி' பார்த்துக்கொள்கிறது. 'தட்' போட்டால் இது அன்று, அதோ அது என்று விரல் நீட்டிப் பிரித்துக் காட்டும் அழுத்தம் வந்துவிடும். ஒரு பக்கத்தில் பத்து இடத்தில் விரல் நீட்டிக்கொண்டே இருந்தால் படிப்பவருக்கு எப்படி இருக்கும்? அச்சில் வரும் ஆங்கிலத்தில் நூறு சொற்களுக்கு ஐந்தாறு 'தி' இருக்கும். அம்மொழியில் மிக அதிகமாகப் புழங்கும் சொல் அதுவே. நீங்கள் அனுப்பிய ஐந்து வாக்கியங்களில் ஒன்றுகூட இல்லை என்பதைப் பாருங்கள்.

சரி, தி எப்போது வரும்? படிப்பவர் 'எது?' என்று கேட்கத் தேவையில்லாத இடத்தில் வரும். முன்பே சொல்லியிருக்கலாம், 'தி சன்' போல உலகில் ஒன்றே இருக்கலாம், 'தி ஃபர்ஸ்ட்', 'தி பெஸ்ட்', 'தி சேம்' என்று சொல்லே ஒன்றாகச் சுருக்கியிருக்கலாம், அல்லது, பலரும் கவனிக்கத் தவறுவது இது, முன்பு சொன்ன பொருளோடு ஒட்டிப் பிறந்ததாக இருக்கலாம். புத்தகம் என்று சொல்லிவிட்டால் அதற்கு அட்டை உண்டு என்பது படிப்பவருக்குத் தெரியும். எனவே அட்டையை முதன்முதலாகச் சொல்லும்போதே 'தி கவர்' என்று சொல்லலாம். 'ஆஃப் தட் புக்' என்பதே வேண்டியதில்லை. 'ஐ பாட் எ புக் லாஸ்ட் வீக். தி கவர் வாஸ் டோர்ன்.' முதல் முறை எ, இரண்டாம் முறை தி என்று உங்கள் குறிப்பேட்டில் ஒரு விதி இருக்குமானால், அதை அடித்துவிடச் சொல்லவில்லை. அது பாதி விதி என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வேறுபாடு தமிழில் இல்லை என்று பலர் எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. 'புத்தகம் வாங்கினேன்' என்பதையும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். முதலாவதைக் கேட்டவர் 'அப்படியா?' என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். இரண்டாவதைக் கேட்டவருக்கு எந்தப் புத்தகம் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும், இல்லையேல் 'எந்தப் புத்தகத்தை?' என்று திருப்பிக் கேட்பார். இலக்கணம் முன்னதை இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் உருபு தொக்கு நிற்பதற்கும் விரிந்து வருவதற்கும் இடையே பொருளிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஆங்கிலம் எ, தி என்று பெயருக்கு முன்னால் காட்டுவதை, அஃறிணைச் செயப்படுபொருளில் நாம் ஐ உருபைக் கொண்டு பின்னால் காட்டுகிறோம். உயர்திணையில் இந்தச் சோதனை பயன்படாது. 'மருத்துவரைப் பார்த்தேன்' என்பதில் மருத்துவர் எவராயினும் ஐ வந்துதான் ஆக வேண்டும். 'ஒரு புத்தகத்தை' என்பது போல ஒருவும் ஐயும் சேர்ந்து வரும் இடங்களிலும் இது கைகொடுக்காது; அங்கே 'ஒரு'வையே நம்புங்கள். மற்ற இடங்களில், எ-யா தி-யா என்று தயங்கும்போது வாக்கியத்தைத் தமிழில் சொல்லி, நாக்கு தானாக ஐ சேர்க்கிறதா என்று கவனியுங்கள். சேர்த்தால் தி. காதை நம்பு என்று உங்கள் ஆசிரியர் சொன்னதை இந்த அளவுக்கு நானும் ஏற்கிறேன்.

மூன்றாம் வாக்கியம், 'எனி அதர் காப்பி வாஸ் நாட் அவெய்லபிள்.' வேறு எந்தப் படியும் கிடைக்கவில்லை என்பதன் சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்பு. தமிழில் 'எந்த' முதலில் வந்து, அதனுடன் இணைந்த உம்மை நடுவில் வந்து, எதிர்மறை கடைசியில் வருகிறது. வினைமுற்று வரும்வரை காத்திருப்பது நமக்குப் பழக்கம். ஆங்கிலத்தில் எதிர்மறை முன்னால் வந்து வழிவிட்டால்தான் 'எனி' பின்னால் வரும். எழுவாயிலேயே எதிர்மறை தேவைப்பட்டால் 'நோ' போட வேண்டும்: 'நோ அதர் காப்பி வாஸ் அவெய்லபிள்.' எதிர்மறையே இல்லாத வாக்கியத்தில் 'எனி' வந்தால் எதுவானாலும் சரி என்று பொருள். 'யூ மே டேக் எனி புக்' என்றால் எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கேள்வியில் எனி, உடன்பாட்டில் சம் என்ற விதி பெரும்பாலும் சரியே. ஆனால் ஆம் என்ற பதிலை எதிர்பார்த்து உபசரிக்கும்போது கேள்வியிலும் 'சம்' வரும்: 'வுட் யூ லைக் சம் வாட்டர்?'

'மை ஒன் ஃபிரெண்ட்' என்பதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். உங்களைப் பார்த்து அன்று, என் பழைய கடிதங்களை நினைத்து. என் நண்பர் ஒருவர் என்பதைத்தான் சொல்ல வந்தீர்கள். ஆங்கிலம் படிப்பவருக்கு அது உங்களுக்கு வாய்த்த ஒரே நண்பர் என்று கேட்கும். பெயருக்கு முன்னால் முதன்மையான இருக்கை ஒன்றுதான் உண்டு. எ, தி, மை, திஸ் ஆகியவை அந்த ஒரே இருக்கைக்குப் போட்டியிடுபவை. ஒன்று அமர்ந்துவிட்டால் மற்றது அமர முடியாது. ஆகவே 'எ மை ஃபிரெண்ட்' இல்லை, 'திஸ் மை புக்' இல்லை. இரண்டும் வேண்டுமென்றால் ஒன்றைப் பின்னால் அனுப்ப வேண்டும்: 'எ ஃபிரெண்ட் ஆஃப் மைன்', 'திஸ் புக் ஆஃப் மைன்.' ஆல், போத், ஹாஃப் ஆகியவை அந்த இருக்கைக்கு முன்னே நிற்க உரிமை உள்ளவை: 'போத் மை பிரதர்ஸ்', 'ஹாஃப் ஆன் அவர்.' எண்களும் அதர், மெனி போன்றவையும் பின்னே நிற்பவை: 'மை டூ பிரதர்ஸ்', 'தி அதர் லெட்டர்ஸ்.' பழைய பள்ளி இலக்கணங்கள் இவை எல்லாவற்றையும் பெயரடை என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டதால்தான் இந்த இருக்கைக் கணக்கு வகுப்பில் சொல்லப்படாமல் போனது. 1933இல் வெளிவந்த நூலில் அமெரிக்க மொழியியலாளர் லெனர்ட் புளூம்ஃபீல்டு டிட்டர்மினர் என்ற தனிப்பெயரால் இவற்றைப் பிரித்துப் பேசினார்; அது பாடப்புத்தகங்களை எட்ட நெடுநாள் ஆயிற்று.

ஐந்தாம் வாக்கியத்தில் இரண்டு பிழைகள். 'அட்வைஸ்' ஆங்கிலத்தில் எண்ணவியலாப் பெயர். தமிழில் அறிவுரைகள், தகவல்கள், கருவிகள் என்று தாராளமாகப் பன்மை சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் அட்வைஸ், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், லக்கேஜ், நியூஸ் ஆகியவை தண்ணீரைப் போல நடத்தப்படுகின்றன. அவற்றுக்கு முன் எ வராது, பின்னால் பன்மை வராது, மெனியும் ஃபியூவும் வரா; மச், லிட்டில், சம் ஆகியவையே வரும். எண்ணியே தீர வேண்டுமானால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்று அளவைச் சொல் சேர்க்க வேண்டும். எந்தச் சொல் இந்த வகை என்பதை ஊகித்துப் பயனில்லை. மொழி கற்பவருக்கான அகராதிகளில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் சி அல்லது யூ என்ற ஒற்றை எழுத்து அச்சிடப்பட்டிருக்கும். சி என்றால் எண்ணலாம், யூ என்றால் எண்ண முடியாது. பொருளைப் பார்த்தவுடன் அகராதியை மூடிவிடும் நாம் அந்த எழுத்தைப் பார்ப்பதே இல்லை. அந்த வாக்கியம் 'ஹீ கேவ் மீ சம் அட்வைஸ்' என்றிருக்க வேண்டும். இரண்டாவது பிழையான 'ஃபியூ'வைக் கடைசிக்கு ஒத்திவைக்கிறேன். உங்கள் மேலாளர் பேசாமல் போனதற்கும் அதற்கும் உறவு உண்டு.

உங்கள் வரிகளில் இல்லாத, ஆனால் எனக்கு வரும் தாள்களில் ஓயாமல் தென்படும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். நம் 'இந்த' ஒருமைக்கும் பன்மைக்கும் மாறுவதில்லை. இந்தப் புத்தகம், இந்தப் புத்தகங்கள். அதனால் 'திஸ் புக்ஸ்' என்று எழுதிவிடுகிறோம்; அங்கே 'தீஸ்' வேண்டும். தமிழில் 'கையைக் கழுவினேன்' என்றால் அது என் கைதான் என்பது சொல்லாமலே விளங்கும். ஆங்கிலம் அதையும் சொல்லியாக வேண்டும் என்கிறது: 'ஐ வாஷ்டு மை ஹேண்ட்ஸ்.' மாணவர்களில் பெரும்பாலோர் என்பதை 'மோஸ்ட் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்று எழுதுவதும் பரவலான பிழை; 'ஆஃப்' வந்துவிட்டால் அதன்பின் தி, மை, தீஸ் போன்ற ஒன்று கட்டாயம், இல்லையேல் 'ஆஃப்' இல்லாமல் 'மோஸ்ட் ஸ்டூடன்ட்ஸ்' என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். முன்னது ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில் பெரும்பாலோர், பின்னது பொதுவாக மாணவர்கள். 'அனதர்' என்பதற்குப் பின் பன்மை எழுதத் தோன்றினால், நம் 'இன்னொரு'வை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 'ஒரு' ஒளிந்திருப்பது போல 'அனதர்' என்பதற்குள் 'ஆன்' ஒளிந்திருக்கிறது. இன்னொரு கடிதங்கள் என்று நாம் சொல்வோமா?

இடப்பெயர்களில் மட்டும் மனப்பாடம் உதவும். ஆறு, கடல், மலைத்தொடர் ஆகியவற்றின் பெயர்களுக்கு முன் தி வரும், தனி மலைக்கும் ஏரிக்கும் வராது: 'தி நைல்', 'தி ஹிமாலயாஸ்', ஆனால் 'மவுன்ட் எவரெஸ்ட்', 'லேக் விக்டோரியா.' நாட்டின் பெயர் பன்மையாகவோ பொதுச்சொல் கலந்தோ இருந்தால் தி உண்டு: 'தி நெதர்லண்ட்ஸ்', 'தி யுனைடெட் ஸ்டேட்ஸ்.' உக்ரைனுக்கு முன் தி போடும் வழக்கமும் முன்பு இருந்தது. 1991இல் அது தனிநாடான பிறகு அது கைவிடப்பட்டது. ஒரு வட்டாரத்தைச் சொல்வது போல அது ஒலிக்கிறது என்பதே அந்நாட்டவரின் மனக்குறை. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள சொல்லுக்குள் இவ்வளவு இருக்கிறது.

இனி, மேலாளருக்கு எழுதிய வரி. தமிழில் 'சிலர் வந்தார்கள்' என்பதற்கும் 'சிலரே வந்தார்கள்' என்பதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கு நன்றாகத் தெரியும். முதலாவது வந்தவர்களைப் பார்க்கிறது. இரண்டாவது வராதவர்களைப் பார்க்கிறது. ஆங்கிலத்தில் அந்த ஏகாரத்தின் வேலையைச் செய்வது ஒரு 'எ' இல்லாமை. 'எ ஃபியூ' என்றால் சிலர். எ இல்லாத 'ஃபியூ' என்றால் சிலரே, அதாவது பெரும்பாலும் எவரும் இல்லை. எண்ணவியலாதவற்றில் 'எ லிட்டில்' என்றால் கொஞ்சம். 'லிட்டில்' என்றால் இல்லை என்றே சொல்லிவிடலாம். நான் பார்த்தவரை, கொஞ்சம் என்ற தமிழ்ச் சொல்லுக்கு முன் 'ஒரு' இல்லாததால் அந்த எ-யை நாம் விட்டுவிடுகிறோம். 'ஐ ஹாவ் லிட்டில் இன்டரஸ்ட் இன் தி போஸ்ட்' என்பதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, அதுதான் வம்பு. பிழை இருந்திருந்தால் அவர் உங்களைத் திருப்பிக் கேட்டிருப்பார். எனக்கு அந்தப் பொறுப்பில் நாட்டமில்லை என்று நீங்கள் மிகத் தெளிவாகவும் நாகரிகமாகவும் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டு, உங்களை வற்புறுத்த வேண்டாம் என்று ஒதுங்கியிருப்பார்.

அவருக்கு மறுபடி எழுதுங்கள். விட்டுப்போன எ-யை மட்டும் சேர்த்து 'எ லிட்டில் இன்டரஸ்ட்' என்று திருத்தி அனுப்பிவிடாதீர்கள்; கொஞ்சம் விருப்பம் உண்டு என்று எந்த மொழியில் எழுதினாலும் எந்த மேலாளரும் பொறுப்பைத் தூக்கிக் கொடுக்க மாட்டார். முந்தைய வரியில் சொல்ல வந்தது மாறிவிட்டது என்று ஒரு வாக்கியமும், 'ஐ ஆம் வெரி மச் இன்டரஸ்டெட் இன் தி போஸ்ட்' என்று ஒரு வாக்கியமும் போதும். அந்தப் பொறுப்பு எது என்பது உங்கள் இருவருக்கும் தெரியும் என்பதால், 'தி போஸ்ட்' என்று முன்பே எழுதியிருந்தீர்களே, அது முற்றிலும் சரி.